அமெரிக்காவுல முதல் .22 ரிவால்வர் வாங்குறவங்களுக்கு: விசா ஸ்டேட்டஸ்ல ஆரம்பிச்சு ட்ரிக்கர் வரைக்கும்

அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்கள்ல டார்கெட் ஷூட்டிங் பக்கம் வர்றவங்க நிறைய இருக்காங்க, ஆனா முதல் துப்பாக்கியா எத வாங்குறது, என்ன பேப்பர் கேப்பாங்க, நம்ம விசாவுக்கு இது ஒத்து வருமா, இதையெல்லாம் தமிழ்ல உக்காந்து பேச ஆள் கிடைக்கிறது கஷ்டம். நான் டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் இருக்கேன். கிரீன் கார்டு வந்ததுக்கப்புறம் ஒரு .22 ரிவால்வர் வாங்குறதுக்குள்ள பேப்பர் விஷயத்துலயும் சரி, மாடல் தேடுறதுலயும் சரி, நல்லாவே அலைஞ்சுட்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இது முழுக்க பேப்பர் டார்கெட்டுக்கும் பிளிங்கிங்குக்கும், அதாவது டின், ஸ்டீல் பிளேட்னு வச்சு பொழுதுபோக்கா சுடுறதுக்கும் தான். தற்காப்புக்கு வாங்குறவங்க யோசிக்க வேண்டியது வேற, அதை இங்க தொடல.

ஏன் .22 ரிவால்வர்னு கேட்டா, தோட்டா விலை கம்மி, உதை கிட்டத்தட்ட இல்ல, அதனால சுடும்போது கண்ண மூடிக்கிற, கைய கீழ அமுக்குற கெட்ட பழக்கம் ஒட்டாது. செமி ஆட்டோமேட்டிக் மாதிரி மேகசின் சிக்கல், தோட்டா மாட்டிக்கிறதுன்னு எதுவும் கிடையாது. தோட்டா போடுற உருளையான சிலிண்டரைத் திறந்தா உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணுக்கு முன்னாடியே தெரியும். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

1. கடைக்கு போறதுக்கு முன்னாடி உங்க ஸ்டேட்டஸ பாருங்க

இதைத் தான் முதல்ல படிக்கணும், மாடல் எல்லாம் அப்புறம்.

சிட்டிசன், கிரீன் கார்டு ரெண்டு பேரும் ஃபெடரல் சட்டப்படி வாங்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 மாதிரி நான்-இமிகிரன்ட் விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, கையில வச்சிருக்கவும் கூடாது. "வச்சிருக்க" அப்படிங்கறதுல ஷூட்டிங் ரேஞ்சுக்கு போய் துப்பாக்கிய வாடகைக்கு எடுத்து சுடுறதும் அடங்கும். இது நிறைய பேருக்கு தெரியாது. ஆஃபீஸ் டீம் அவுட்டிங்னு ரேஞ்சுக்கு கூட்டிட்டு போறாங்க, ஃபோட்டோ எடுத்து போடுறாங்க, கவுண்ட்டர்ல இருக்குறவர் விசா பத்தி ஒண்ணும் கேக்காம விட்டிருக்கலாம், ஆனா அவர் கேக்கலன்னா சட்டம் மாறிடாது, மாட்டுனா மாட்டுறது உங்க இமிகிரேஷன் தான். துப்பாக்கி சட்டத்துல தண்டனை வாங்குறது நாடு கடத்துறதுக்கே காரணமாகலாம்.

விதிவிலக்கு இருக்கு. ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த, செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா நான்-இமிகிரன்ட்டும் வாங்கலாம், வச்சிருக்கலாம். டெக்சாஸ்ல ரெசிடென்ட் ஹண்டிங் லைசென்ஸ் 25 டாலர் தான். ஆனா அது எப்ப வாங்குனாலும் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சிடும். செப்டம்பர் 1 காலையில புதுப்பிக்காம வீட்ல துப்பாக்கி இருந்தா அந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்ல. எச்-1பில இருக்குறவங்க இந்த வழியில போகணும்னா முதல்ல ஒரு இமிகிரேஷன் லாயர்கிட்ட காசு குடுத்து பேசிடுங்க. என்னைக் கேட்டா கிரீன் கார்டு வர்ற வரைக்கும் பொறுங்கன்னு தான் சொல்வேன், ஏர் பிஸ்டல் வாங்கி பழகுங்க, ஃபெடரல் சட்டத்துல அது ஃபயர்ஆர்ம் கணக்குல வராது (உங்க ஸ்டேட், ஊர் விதிய மட்டும் பாத்துக்கோங்க). சைட் வச்சு குறி பாக்குறது, ட்ரிக்கர் இழுக்குறது ரெண்டும் அதுலயே நல்லா படியும். ஐ-485 (கிரீன் கார்டு அப்ளிகேஷன்) பெண்டிங்ல இருக்குறவங்களும் தானா முடிவெடுக்காதீங்க, லாயரைக் கேளுங்க.

இன்னும் ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, ஊர்ல இருந்து அப்பா அம்மா விசிட்டர் விசால வந்தா ஆசையா ரேஞ்சுக்கு கூட்டிட்டு போய் கையில குடுக்கத் தோணும், குடுக்காதீங்க. குடுக்குற உங்களுக்கும் பிரச்சனை, வாங்குற அவங்களுக்கும் பிரச்சனை. இன்னொண்ணு, எச்-1பி ஃப்ரெண்டுக்காக கிரீன் கார்டு இருக்குற நீங்க வாங்கிக் குடுக்குறது. இதுக்கு பேரு ஸ்ட்ரா பர்ச்சேஸ். 2022-ல வந்த சட்டத்துக்கு அப்புறம் இதுக்குன்னே தனி ஃபெடரல் குற்றப்பிரிவு இருக்கு, 15 வருஷம் வரைக்கும் ஜெயில். நட்புக்காக கூட இந்த வேலை வேண்டாம்.

2. உங்க ஸ்டேட் என்ன கேக்குது

கைத்துப்பாக்கிய டீலர்கிட்ட வாங்க 21 வயசு ஆகணும், நீங்க குடியிருக்குற ஸ்டேட்ல தான் வாங்க முடியும். இது நாடு முழுக்க. மத்ததெல்லாம் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்.

டெக்சாஸ்ல தனியா பெர்மிட் கிடையாது, வெயிட்டிங் பீரியட் கிடையாது. கலிஃபோர்னியால முதல்ல ஃபயர்ஆர்ம் சேஃப்டி சர்டிஃபிகேட் எழுதி பாஸ் பண்ணணும், அப்புறம் 10 நாள் காத்திருக்கணும், 2024 ஜூலைல இருந்து 11 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு. நியூ ஜெர்சில வாங்குற ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியா போலீஸ்கிட்ட பர்ச்சேஸ் பெர்மிட் எடுக்கணும். இல்லினாய்ல ஃபாய்ட் கார்டு (துப்பாக்கி வச்சிருக்க ஸ்டேட் குடுக்குற அடையாள அட்டை), அதுக்கு மேல 72 மணி நேரம் வெயிட்டிங். நியூயார்க்ல பிஸ்டல் லைசென்ஸ் இல்லாம கைத்துப்பாக்கியத் தொடவே முடியாது. நியூ ஜெர்சில எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் இருக்குறவங்க பெர்மிட்டுக்கு மாசக்கணக்குல ஆகலாம்னு மனசுல வச்சுட்டு, மாடல் தேடுற அன்னைக்கே அப்ளை பண்ணிடுங்க.

ஐடி விஷயம். டிரைவிங் லைசென்ஸ்ல இருக்குற அட்ரஸ் நீங்க இப்ப குடியிருக்குற அட்ரஸா இருக்கணும். வீடு மாறி லைசென்ஸ் மாத்தலன்னா, பேரும் புது அட்ரஸும் இருக்குற இன்னொரு அரசாங்க பேப்பர், உதாரணத்துக்கு கார் ரெஜிஸ்ட்ரேஷன், கூட எடுத்துட்டு போங்க. அது கூட இல்லன்னா லைசென்ஸ மாத்திட்டு போறது நல்லது. கிரீன் கார்டையும் கையில வச்சுக்கோங்க, அதுல இருக்குற யூஎஸ்சிஐஎஸ் நம்பரை கடையில நிரப்புற ஃபார்ம்ல எழுதணும்.

3. சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா

சிங்கிள் ஆக்‌ஷன்னா ஒவ்வொரு தடவையும் ஹேமரை (பின்னாடி இருக்குற சுத்தியல் மாதிரி பாகம்) கட்டை விரலால பின்னாடி இழுத்துட்டு தான் சுட முடியும், தோட்டாவ பக்கவாட்டுல இருக்குற சின்ன கேட் வழியா ஒண்ணு ஒண்ணா போடணும், காலி கேஸையும் (சுட்ட தோட்டாவோட வெறும் கூடு) ஒண்ணு ஒண்ணா ராடால தள்ளணும். மெதுவா தான் போகும். அந்த மெதுவே புதுசா கத்துக்கறவங்களுக்கு நல்லது, அம்மோவும் மிச்சம். பிளிங்கிங்குக்கு இது போதும்.

டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிக்கரை நீளமா இழுத்தாலே ஹேமர் எழும்பி விழும், வேணும்னா ஹேமரை இழுத்து வச்சு லேசான ட்ரிக்கர்லயும் சுடலாம். சிலிண்டர் வெளிய சாஞ்சு வரும், எல்லா காலி கேஸையும் ஒரே தட்டுல கொட்டிடலாம். சீரியஸா டார்கெட் சுடணும்னா இது தான். கிளப்கள்ல நடக்குற புல்சைப் போட்டில டைம்டு ஃபயர் 20 செகண்ட்ல 5 ரவுண்டு, ரேப்பிட் ஃபயர் 10 செகண்ட்ல 5 ரவுண்டு, சிங்கிள் ஆக்‌ஷன வச்சுட்டு அந்த வேகம் பிடிக்கிறது ரொம்ப கஷ்டம். ஆனா ஒரு ஸ்ட்ரிங்குக்கு, அதாவது ஒரு சுத்துக்கு, அஞ்சு ரவுண்டு தானேங்கறதால ஆறு சேம்பரே (சிலிண்டர்ல தோட்டா உக்காருற ஓட்டை) போதும், பத்து சேம்பர் இருந்தா தான் ஆச்சுன்னு நினைக்க வேண்டாம்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். .22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா, அதுல பத்த வைக்கிற மருந்து அடிப்பாகத்தோட விளிம்புக்குள்ள இருக்கு. ஃபயரிங் பின் அந்த விளிம்ப நசுக்கி பத்த வைக்கணும், அதுக்கு பலமான அடி வேணும். அதனால .22 டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிக்கர் பெரிய காலிபர் ரிவால்வரை விட கனமாவே இருக்கும், 10-12 பவுண்டுக்கு மேல போறது சாதாரணம். கனமா இருக்கேன்னு மட்டமா நினைக்காதீங்க. ஸ்பிரிங் மாத்துனா பூ மாதிரி ஆயிடும்னு ஆன்லைன்ல சொல்றதைக் கேட்டு மாத்துனா நாலு ரவுண்டுக்கு ஒண்ணு வெடிக்காம நிக்கும்.

4. எந்த மாடல், எவ்வளவு

கீழ சொல்ற விலையெல்லாம் கடை, சீசன் பொறுத்து ஏறும் இறங்கும், சுமாரான கணக்கா எடுத்துக்கோங்க.

150-200 டாலர்ல ஹெரிடேஜ் ரஃப் ரைடர். மலிவு, சுடும், அவ்வளவு தான். பெரும்பாலும் ஃபிக்ஸ்டு சைட் (நகத்த முடியாதது) தான், இடது பக்கம் ஒரு சேஃப்டி லீவர் தனியா இருக்கும். அதே விலைக்கு கொஞ்சம் மேல ரூகர் ராங்லர், 2019-ல வந்தது, அலாய் ஃப்ரேம், 850 கிராம் பக்கம் வெயிட். லோட் பண்ணும்போது சிலிண்டர் ரெண்டு பக்கமும் சுத்தும், ஒரு சேம்பரைத் தாண்டிட்டா திரும்ப வந்துடலாம். பிளிங்கிங்குக்கு மட்டும்னா ரஃப் ரைடரை விட ராங்லருக்கு அந்த கூடுதல் காசு குடுக்கலாம்.

300 டாலர் பக்கத்துல சூப்பர் ராங்லர், 2023-ல வந்தது. ஸ்டீல் ஃப்ரேம், அட்ஜஸ்ட் பண்ற சைட், .22 எல்ஆர் (லாங் ரைஃபிள், சாதாரண .22 தோட்டா) சிலிண்டரோட .22 மேக்னம் (அதை விட நீளமான, பலமான தோட்டா) சிலிண்டரும் கூடவே வருது. பட்ஜெட் டைட்டா இருக்குற புதுசுங்களுக்கு நான் முதல்ல கை காட்டுறது இதைத் தான். இதோட அண்ணன் ரூகர் சிங்கிள்-சிக்ஸ், விலை ரெண்டு மடங்குக்கு மேல போகும், ஃபினிஷும் ட்ரிக்கரும் தரமா இருக்கும், பேரனுக்கு குடுக்குற அளவுக்கு உழைக்கும். செகண்ட் ஹேண்டுல சிங்கிள்-சிக்ஸ் பாத்தா 1973-க்கு முன்னாடி வந்த பழைய மாடலா, அப்புறம் வந்த நியூ மாடலான்னு கேளுங்க. பழசுல ட்ரான்ஸ்ஃபர் பார் (ட்ரிக்கர் இழுத்தா மட்டும் ஹேமர் அடிய ஃபயரிங் பின்னுக்கு கடத்துற பாகம்) கிடையாது, கீழ விழுந்தா வெடிக்கலாம், ஹேமருக்கு நேர் கீழ இருக்குற சேம்பரை எப்பவும் காலியா வச்சிருக்கணும். ரூகர் கம்பெனிக்கு அனுப்புனா ஃப்ரீயா மாத்தித் தர்றாங்க.

டபுள் ஆக்‌ஷன்ல தரமானதுன்னா விலை எகிறிடும். 700-800-க்கு ரூகர் எஸ்பி101, எட்டு ரவுண்டு, 4.2 இஞ்ச் பேரல், கை சின்னதா இருக்குறவங்களுக்கு நல்லா உக்காரும். அதுக்கு மேல ரூகர் ஜிபி100 பத்து ரவுண்டு. 900 பக்கத்துல ஸ்மித் & வெசன் 617, ஸ்டெயின்லெஸ், பத்து ரவுண்டு, நாலு இஞ்ச், ஆறு இஞ்ச்னு ரெண்டு பேரல்ல. ஆயிரத்தை ஒட்டி கோல்ட் கிங் கோப்ரா டார்கெட் .22. டார்கெட்டுக்குன்னு ஒண்ணே ஒண்ணு தான் வாங்கப் போறேன்னா 617 ஆறு இஞ்ச் தான் என் சாய்ஸ். 1.2 கிலோவுக்கு மேல வெயிட், அந்த வெயிட் தான் கைய ஆட விடாம பிடிக்குது. ஒரு கையில நீட்டி சுடுறவங்களுக்கு ஆரம்பத்துல தோள் வலிக்கும், அப்படின்னா நாலு இஞ்ச் எடுங்க.

ரூகர் எல்சிஆர், ஸ்மித் & வெசன் 43சி மாதிரி குட்டி ரிவால்வரை எல்லாம் "கியூட்டா இருக்கு"ன்னு முதல் துப்பாக்கியா வாங்காதீங்க. எல்சிஆர் 420 கிராம் பக்கம் தான், சைட்டுக்கும் சைட்டுக்கும் நடுவுல தூரம் ரொம்ப கம்மி, கொஞ்சம் கை அசைஞ்சாலும் பேப்பர்ல ரொம்ப தள்ளி விழும். அதுல சுடக் கத்துக்கிட்டா நமக்கு சுட வரலன்னு மனசு விட்டுப் போயிடும்.

ஒரே ஒரு அம்சத்துக்கு காசு கூட குடுக்கணும்னா அது அட்ஜஸ்டபிள் ரியர் சைட். .22-ல பிராண்டு மாத்துனா குண்டு விழுற இடமும் மாறும், ஃபிக்ஸ்டு சைட்ல அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, வேற இடத்தைப் பாத்து சுட வேண்டியது தான்.

வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து சுட்டுப் பாருங்க. பெரிய இன்டோர் ரேஞ்ச்கள்ல லேனுக்கு மணிக்கு 20-30 டாலர், வாடகை தனி. மாடல் கரெக்டா கிடைக்கலன்னாலும் அதே சைஸ் ஃப்ரேம கையில பிடிச்சுப் பாத்தாலே பாதி முடிவு தெரிஞ்சிடும்.

5. கவுண்ட்டர்ல கையில வாங்கி பாக்க வேண்டியது

கேட்டுட்டு தான் எல்லாம் செய்யணும். "டைமிங் செக் பண்ணலாமா, ஹேமரை இழுக்கலாமா"ன்னு கேளுங்க, நல்ல கடையில ஸ்னாப் கேப் (வெடிக்காத டம்மி தோட்டா) போட்டு குடுப்பாங்க. வாங்குன உடனே சிலிண்டரைத் திறந்து (சிங்கிள் ஆக்‌ஷன்னா கேட்டைத் திறந்து ஒவ்வொரு சேம்பரா சுத்தி) காலின்னு பாத்துக்கோங்க, அவர் பாத்துட்டு குடுத்திருந்தாலும் நீங்க பாருங்க. முனை எப்பவும் ஆள் இல்லாத பக்கம், விரல் ட்ரிக்கருக்கு வெளிய.

முதல்ல டைமிங், அதாவது சேம்பர் சரியான நேரத்துல பேரலுக்கு நேரா வந்து பூட்டுதாங்கறது. ஒரு கையோட கட்டை விரலால சிலிண்டரை லேசா, தடவுற மாதிரி தடை குடுத்துக்கிட்டே, இன்னொரு கையால ஹேமரை ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க. ஹேமர் முழுசா பின்னாடி போய் நிக்கிறதுக்குள்ள சிலிண்டர் "டிக்"னு பூட்டிக்கணும். ஹேமர் நின்னுடுச்சு, சிலிண்டர் இன்னும் ஒரு மயிரிழை சுத்த வேண்டியிருக்குன்னா அந்த சேம்பர் லேட்டா வருது. ஆறோ பத்தோ, எல்லா சேம்பரையும் பாருங்க, ஒண்ணு மட்டும் சரியில்லாம இருக்குறது நடக்குற விஷயம் தான். நான் பாத்த ஒரு பழைய ரிவால்வர் வெளிய கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, ஒம்பது சேம்பர் பக்காவா பூட்டுச்சு, பத்தாவது ஒவ்வொரு தடவையும் பூட்டாம நின்னுச்சு. அப்படியே சுட்டா குண்டு பேரலோட வாயில ஓரமா உரசி, ஈயத் துகள் பக்கத்து லேன் வரைக்கும் தெறிக்கும்.

அடுத்து, ஹேமர் இழுத்து நிக்கும்போது சிலிண்டரை முன்ன பின்ன, பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் பரவாயில்ல, லொட லொடன்னு ஆடுனா வேண்டாம். முன்ன பின்ன கிட்டத்தட்ட அசையவே கூடாது.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா மெல்லிசா ஒரு கோடு தெரியணும். ஃபீலர் கேஜ் பத்து டாலருக்குள்ள ஆட்டோ பார்ட்ஸ் கடையில கிடைக்கும், பாக்கெட்ல போட்டுட்டு போங்க. இஞ்ச்ல ஆயிரத்துல நாலுல இருந்து ஆறு பங்கு இருந்தா அருமை. எட்டுக்கு மேலன்னா விட்டுடுங்க. ரெண்டை விட கம்மின்னா கொஞ்சம் சுட்டு கரி படிஞ்சதும் சிலிண்டர் இறுகி சுத்தாம நிக்கும்.

ரியர் சைட்ட மேல இருந்து பாருங்க. அது ஒரு பக்கமா ஓரத்துக்கு தள்ளி வச்சிருந்தா பேரலை ஃப்ரேம்ல கோணலா முறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம், ஃப்ரன்ட் சைட் தலை சாஞ்ச மாதிரி இருக்கான்னு பின்னாடி இருந்து பாத்தா தெரிஞ்சிடும். புது துப்பாக்கியிலயும் இது வருது, அதனால பெட்டி பிரிக்காததா குடுங்கன்னு கேக்காம, பிரிச்சு பாத்து வாங்குங்க.

செகண்ட் ஹேண்டுன்னா கூடுதலா ஒண்ணு. சேம்பர் வாய் ஓரத்துல, ஃபயரிங் பின் விழுற இடத்துல, குட்டியா பள்ளமோ மேடோ இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. தோட்டா இல்லாம வெறுமனே நிறைய தடவை ட்ரிக்கர் இழுத்திருந்தா பின் அந்த விளிம்புல இடிச்சு இடிச்சு பள்ளமாக்கிடும், தோட்டா சரியா உள்ள போகாது, சுட்ட கேஸ் வெளிய வராது. ஸ்க்ரூ தலையெல்லாம் சிதைஞ்சிருந்தா யாரோ உள்ள கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

6. ஃபார்ம் 4473: நம்ம பேரு தான் இங்க பிரச்சனை

துப்பாக்கி வாங்குறவங்க நிரப்ப வேண்டிய ஃபெடரல் ஃபார்ம் தான் 4473, கடையில குடுக்குற அதை பொறுமையா உக்காந்து படிச்சு நிரப்புங்க. பேரு சரியா லீகல் பேர் தான். டிரைவிங் லைசென்ஸ்ல ஒரு மாதிரி, கிரீன் கார்டுல ஒரு மாதிரி, அப்பா பேரு ஒண்ணுல கடைசி பேராவும் இன்னொண்ணுல நடுப் பேராவும், இது நம்ம ஆளுங்க எல்லார்க்கும் இருக்குற தலைவலி. முடிஞ்ச வரைக்கும் கடைக்கு போறதுக்கு முன்னாடியே ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்க, டிரைவிங் லைசென்ஸ மாத்துறது ஈசி. நடுப் பேரு இல்லாதவங்க அந்தக் கட்டத்த காலியா விடாம ஆங்கிலத்துல என்எம்என்னு எழுதணும். பேர்ல வெறும் இனிஷியல் தான்னா அந்த எழுத்துக்கு அப்புறம் ஐஓன்னு போடணும். இது ரெண்டும் அந்த ஃபார்மோட இன்ஸ்ட்ரக்‌ஷன்லயே இருக்கு, கடைக்காரர் பல பேருக்கு ஞாபகம் இருக்காது.

சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயம் இல்ல, ஆனா நான் எழுதச் சொல்வேன். செந்தில் குமார், ராஜேஷ் மாதிரி பேரு அமெரிக்கா முழுக்க எத்தனையோ, வேற யாரோ ஒருத்தரோட ரெக்கார்டு உங்க மேல விழாம இருக்க அது உதவும்.

சிட்டிசன்ஷிப் கட்டத்துல இந்தியான்னு போடணும், இலங்கைன்னா இலங்கை. அவசரத்துல யுஎஸ் சிட்டிசன்னு டிக் பண்ணிடாதீங்க. பொய்யா சிட்டிசன்னு சொல்றது இமிகிரேஷன்ல எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். கஞ்சா பத்தின கேள்வியையும் கவனமா படிங்க, உங்க ஸ்டேட்ல அது லீகலா இருந்தாலும் ஃபெடரல் சட்டத்துக்கு லீகல் இல்லன்னு ஃபார்ம்லயே போட்டிருக்கு.

அப்புறம் டீலர் எஃப்பிஐயோட நிக்ஸ்ங்கற பின்னணி சோதனை சிஸ்டத்துல செக் பண்ணுவாரு (சில ஸ்டேட்ல ஸ்டேட் போலீஸ் மூலமா). பதில் மூணு விதம்: ப்ரொசீட், டிலேட், டினைட். பல பேருக்கு சில நிமிஷத்துல ப்ரொசீட் வந்துடும். எனக்கு பேரு குழப்பத்துல டிலேட் வந்துச்சு, கவுண்ட்டர்ல இருந்தவரு நான் ஏதோ தப்பு பண்ண ஆள் மாதிரி பாத்தாரு, பின்னாடி க்யூல நின்னவங்களும் பாத்தாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. டிலேட்னா மறுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, இன்னும் பாக்க வேண்டியிருக்குன்னு தான் அர்த்தம். பதில் வரலன்னா மூணு பிசினஸ் டே கழிச்சு குடுக்க ஃபெடரல் சட்டம் டீலரை அனுமதிக்குது, ஆனா பல கடைங்க ப்ரொசீட் வந்தா தான் குடுப்போம்னு பாலிசி வச்சிருக்காங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி "டிலே ஆனா என்ன பண்ணுவீங்க, கேன்சல் பண்ணா ரீஸ்டாக்கிங் ஃபீஸ் உண்டா"ன்னு கேட்டுடுங்க. ஒவ்வொரு தடவையும் டிலே ஆகுதுன்னா எஃப்பிஐல வாலன்டரி அப்பீல் ஃபைல்னு ஒண்ணு இருக்கு, கைரேகையோட அப்ளை பண்ணா யூபின்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, அதை அடுத்த ஃபார்ம்ல எழுதுனா இந்தத் தொல்லை குறையும்.

ஃபார்ம் முடிஞ்சு துப்பாக்கி கைக்கு வந்துட்டா அது செகண்ட் ஹேண்டு, பிடிக்கலன்னு திருப்ப முடியாது. அதனால தான் மேல அஞ்சாவது பகுதிய அவ்வளவு நீட்டி எழுதியிருக்கேன்.

7. மொத்த செலவு

ஸ்டிக்கர் விலைய மட்டும் பாத்துட்டு போகாதீங்க. டெக்சாஸ்ல சேல்ஸ் டேக்ஸ் 8.25 சதவீதம் வரைக்கும். ஆன்லைன்ல வாங்குனா நேரா வீட்டுக்கு வராது, பக்கத்துல இருக்குற லைசென்ஸ் டீலருக்கு தான் வரும், ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ் 25-50, ஷிப்பிங் தனி. கண் கண்ணாடியும் நல்ல காது மஃப்பும் சேத்து 50 டாலருக்குள்ள, சின்ன லாக் பாக்ஸ் நூறு, நூத்தம்பது, கிளீனிங் கிட் 25, முதல் அம்மோ 50. ஆக 300 டாலர் சூப்பர் ராங்லர் வாங்குறவங்க கையில 600 வச்சுக்கோங்க.

தனியாள்கிட்ட வாங்கினா காசு குறையலாம். டெக்சாஸ்ல ரெண்டு பேரும் ஸ்டேட்வாசியா இருந்தா அது சட்டப்படி முடியும், ஆனாலும் ஒரு டீலர்கிட்ட போய் ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ் கட்டி பேப்பரோட மாத்திக்கோங்க. நம்ம நிலைமையில பேப்பர் இல்லாத எதுவும் வேண்டாம்.

8. தோட்டா

எல்ஆர் சிலிண்டருக்கு .22 எல்ஆர்னு போட்டது தான் வாங்கணும். மேக்னம் சிலிண்டர்ல எல்ஆர் போட்டா உள்ள போகும், ஆனா லூசா இருக்கும், தோட்டாக் கூடு பிளந்து சூடான வாயு முகத்துல அடிக்கும், போடவே கூடாது. ரெண்டு சிலிண்டர் இருக்குறவங்க ஒண்ணுல டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கோங்க.

டார்கெட்டுக்கு ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, 40 கிரெயின் எடை குண்டு, ரைஃபிள் பேரல்ல செகண்டுக்கு 1070 அடி வேகத்துல போற சிசிஐ ஸ்டாண்டர்டு நல்ல ஆரம்பம். பிளிங்கிங்குக்கு அதே சிசிஐயோட மினி-மேக். 50 ரவுண்டு பாக்ஸா நாலு பிராண்டு வாங்கி, மேஜை மேல கைய ஊன்றி, ஒவ்வொண்ணுலயும் பத்து பத்து சுட்டுப் பாருங்க, உங்க துப்பாக்கிக்கு எது பிடிக்குதுன்னு பேப்பரே சொல்லிடும், அப்புறம் 500 ரவுண்டு பிரிக்கா வாங்குங்க. மலிவு பல்க் பேக்ல வெடிக்காதது கொஞ்சம் அதிகமாவே இருக்கும்.

9. முதல் நாள்

சிலிண்டர் பேரல் இடைவெளில இருந்து பக்கவாட்டுல சூடான வாயுவும் ஈயத் துகளும் வரும், இடது கை விரல் அங்க போகவே கூடாது. ஏழு கஜத்துல ஆரம்பிங்க. .22 தானேன்னு காது மஃப் இல்லாம சுடாதீங்க, ரிவால்வர் சத்தம் 140 டெசிபலுக்கு மேல.

ட்ரிக்கர் இழுத்து வெடிக்கலன்னா முனைய டார்கெட் பக்கமே 30 செகண்ட் பிடிச்சுட்டு அப்புறம் திறங்க. "புஸ்"னு சத்தம் கம்மியா வந்தா உடனே நிறுத்துங்க, குண்டு பேரல்ல மாட்டியிருக்கலாம், அடுத்ததை சுட்டா பேரல் போச்சு, கையும் போகலாம்.

நூறு ரவுண்டுக்கு மேல போனா கேஸ் ஒட்டிக்கும், குறிப்பா பத்து சேம்பர் மாடல்கள்ல. டபுள் ஆக்‌ஷன்னா முனைய மேல தூக்கி, கேஸ வெளிய தள்ளுற எஜெக்டர் ராட ஒரே தட்டா பலமா தட்டுங்க, மெதுவா தள்ளுனா எரியாத மருந்துத் துகள் எஜெக்டர் ஸ்டாருக்கு அடியில போய் உக்காந்துக்கும், அப்புறம் சிலிண்டர் மூடாது. பழைய டூத் பிரஷ் ஒண்ணு பையில இருக்கட்டும். சுட்டு முடிச்சதும் குளிர்ந்த தண்ணியும் சோப்பும் போட்டு கை கழுவாம எதையும் சாப்பிடாதீங்க, வீட்டுக்கு போனதும் சட்டைய மாத்திட்டு குழந்தைய தூக்குங்க. ஈயம் குழந்தைங்களுக்கு ரொம்ப கெடுதல்.

வெளிய நிலத்துல பிளிங்கிங்னா உரிமையாளர் அனுமதி, பின்னாடி மண்மேடு, ரெண்டும் இல்லாம சுடக்கூடாது. .22 குண்டு ஒரு மைலுக்கு மேல போகும், கல்லு, தண்ணில பட்டா தெறிச்சு வேற திசைக்கு போகும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

10. வீட்லயும் பயணத்துலயும்

டீலர் கூடவே ஒரு லாக் குடுப்பாரு, அது போதாது, பூட்டுற பெட்டி வாங்குங்க. டெக்சாஸ்ல 17 வயசுக்கு கம்மியான பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சா குற்றம். உங்க மனைவியோ கணவரோ இன்னும் எச்-4ல இருந்தா பெட்டியோட நம்பர் உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும், அவங்களும் "வச்சிருக்காங்க"ன்னு பேச்சு வர இடம் குடுக்காதீங்க.

ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பை, ரேஞ்சுக்கு மட்டும் தான். அதே பேக்பேக்க ஊருக்கு போகும்போது எடுத்துட்டு போனா, ஓரத் தையல்ல ஒரு .22 தோட்டா ஒளிஞ்சிருந்தாலும் சென்னை ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சிடும், ஆர்ம்ஸ் ஆக்ட்ல கேஸ், ஃப்ளைட் போச்சு, கோர்ட்டுக்கு அலையணும். வெறும் தோட்டாக் கூடா இருந்தாலும் விளக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாள் போயிடும். சுடப் போகும்போது போடுற ஜாக்கெட் பாக்கெட்டையும் தனியா பாருங்க. ரேஞ்சுக்குன்னு சிவப்போ மஞ்சளோ வேற எதுக்கும் எடுக்கத் தோணாத கலர்ல ஒரு பை வாங்கி, லாக் பாக்ஸ் பக்கத்துலயே வச்சுடுங்க.